சுண்ணாம்பு இசைந்த வர்ணங்கள்

செய்யாற்றங்கரை மாகறலில், திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற ஆலயத்தின் கருவறை முன் நிற்பவர்கள், அங்குள்ள சுயம்புலிங்கம் பிற தலங்களிற்போல் பருத்துத் திரண்டிராமல், உடும்பின் வாலைப்போல் மெலிந்திருப்பதைக் கண்டு வியப்பார்கள். சோழ மன்னன் ஒருவன் துரத்திய பொன்னுடும்பு புற்றினுள் மறைந்ததென்றும், அவ்வுடும்பே ஈசனென்றும் தலபுராணம் உரைக்கிறது. கல்லின் வடிவம் முந்த, கதை அதன் பின்னே வந்திருக்கலாம் என்று எண்ணுவது பக்திக்குக் குறைவாகாது. பொருளின் இயல்பைக் கண்டு அதற்கிசைய உருவத்தைத் தேடும் அவ்வழக்கத்தைக் காஞ்சிச் சித்திரக்காரர்களிடமும் காண்கிறோம்.

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய நான்குமின்றி ஆலயம் சமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதம் கொண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனுக்கே சித்திரகாரப்புலி என்ற விருதும் இருந்தது. ஆயினும், அவன் விலக்கிய சுண்ணாம்பில்லாமல் சுவரில் சித்திரமேது? எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராஜசிம்மன் காஞ்சியில் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயம் மணற்கல்லாலானது. சொரசொரப்பான அக்கல்லின்மீது நேரே வர்ணம் தீட்டினால் நிலைக்காதாகையால், சுதை பூசி மெழுகிய பின்னரே தூரிகையை எடுத்தார்கள்.

அச்சுதையோ எல்லா வர்ணத்தையும் ஏற்பதில்லை. ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் நன்கறிவார்கள்: மஞ்சள் நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்தமாத்திரத்தில் மஞ்சள் மறைந்து செக்கச்செவேலென்று ஆகிவிடும். துணிக்குச் சாயமேற்றும் வேரும் இலையும் சுண்ணாம்பின் காரத்துக்கு முன் எளிதில் நிறம் மாறுவதால், சுவரோவியர் மண்ணையும் கல்லையும் நாடினர். சித்தன்னவாசல் ஓவியங்களை ஆராய்ந்த சென்னை அருங்காட்சியக இரசாயன நிபுணர் எஸ். பரமசிவன் அங்கே கண்டவற்றுள் சுண்ணாம்பின் வெண்மையும், கரியின் கருமையும், செங்காவியும், மஞ்சட்காவியும், பச்சை மண்ணும் அடங்கும்.

இவ்வளவே கைக்கு எட்டியபோது எதைத் தீட்டுவது? செம்மேனியனாகிய சிவனும், பச்சைநிறத்தாளாகிய உமையும், இடையே இளங்குமரனும் சேர்ந்த சோமாஸ்கந்தம் இராஜசிம்மனுக்கு உகந்த மூர்த்தமென்பதை அவன் ஆலயங்களின் சிற்பங்களே காட்டுகின்றன. அதைத் தீட்ட வந்த ஓவியனுக்குக் காவிக்கல்லும் பச்சை மண்ணும் முன்னதாகவே பாதி வேலையை முடித்துவைத்திருந்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

பிற்காலத்துப் பூச்சுகளின் அடியில் மறைந்துகிடந்த அவ்வோவியங்களை 1931-இல் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேய் கண்டறிந்தார். திருச்சுற்றின் 58 சிற்றாலயங்களுள் ஒன்றின் பின்சுவரில் இன்றும் சோமாஸ்கந்தர் காட்சி தருகிறார். வர்ணம் பெரும்பாலும் உதிர்ந்துவிட, கோடே மிஞ்சி, பழந்தமிழர் புனையா ஓவியம் என்றழைத்த நிலைக்கு அது திரும்பியிருக்கிறது. சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் இங்கே எஞ்சியிருப்பதும், அந்தச் சுவர் தன்னோடு வைத்துக்கொள்ள இசைந்த அளவே.