இரண்டு குழந்தைகளின் தாயார்

ஓட்டப் பந்தயத்தைப் பற்றிக் கதை எழுதுகிறவனுக்கு என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஆனால் ஃபானி பிளாங்கர்ஸ்-கூன் என்ற டச்சு அம்மாளின் சரித்திரத்தில், கதைக்காரன் எவனும் விட மனம் வராத ஒரு கட்டம் இருக்கிறது.

1918-ல் பிறந்தவர். 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்குக்குப் போனார். பதக்கம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஜெஸ்ஸி ஓவன்ஸின் கையெழுத்துத்தான் கிடைத்தது. பிறகு யுத்தம் வந்தது. 1940, 1944 ஒலிம்பிக்குகள் நடக்கவேயில்லை. இருபத்திரண்டும் இருபத்தாறுமான வயது அப்படிப் போயிற்று. இதற்கிடையில் தமக்குப் பயிற்சி கொடுத்த யான் பிளாங்கர்ஸையே மணந்து, இரண்டு குழந்தைகளும் பெற்றார். அம்மாள் மைதானத்தில் ஓட, குழந்தைகள் மணல் குழியில் விளையாடும்.

1948-ல் லண்டனுக்குப் புறப்பட்டபோது வயது முப்பது. பெற்ற குழந்தைகளை விட்டுவிட்டு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவதாவது என்று ஊரிலிருந்து கடிதங்கள் வந்தன. அதே லண்டனில் பத்தாயிரம் மீட்டர் ஓடி ஜயித்த ஸாடோபெக்கிடம், உம்முடைய துணியை யார் துவைக்கிறார்கள் என்று எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்!

100 மீட்டரில் தங்கம். தடை ஓட்டத்தில் புறப்பாடே மோசம். அவருக்கும் ஆங்கிலப் பெண் மாரீன் கார்ட்னருக்கும் ஒரே நேரம், 11.2 விநாடி. திடீரென்று பாண்டு வாத்தியம் பிரிட்டிஷ் தேசிய கீதத்தை வாசித்தது. தோற்றோம் என்று நினைத்தார். வாசித்தது ராஜ குடும்பத்தார் வந்ததற்காக! தங்கம் இவருக்குத்தான்.

நான் சொன்ன கட்டம் இனிமேல்தான். 200 மீட்டர் அரை இறுதிக்கு முன் அம்மாள் அழ ஆரம்பித்தார். குழந்தைகளைப் பார்க்கவேண்டும், வீட்டுக்குப் போகிறேன் என்றார். வீட்டிலேயே இரு என்று ஊரார் எழுதியதும் அதுதான், அவர் மனம் கேட்டதும் அதுதான். விமர்சகர்கள் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கணவர் அதட்டவில்லை. போவதானால் போகலாம், பின்னால் வருத்தப்படுவாய் என்றார். நன்றாக அழுது தீர்த்துவிட்டு ஓடினார். இறுதிப் பந்தயத்தில், மழையில் சேறான தரையில், இரண்டாவதாக வந்தவளை 0.7 விநாடியில் பின்தள்ளினார். அந்த அழுகையை நான் பலவீனம் என்று சொல்லமாட்டேன்.

நாலாவது தங்கம் தொடர் ஓட்டத்தில். அன்று மழைக்கோட்டு வாங்கக் கடைக்குப் போய், பந்தயத்துக்கே தாமதமாக வந்து சேர்ந்தார். உயரத் தாண்டுதல், நீளத் தாண்டுதல் இரண்டிலும் உலக ரிகார்டு அவருடையதுதான். ஆனால் தனிப் போட்டி மூன்றுக்கு மேல் கூடாது என்று விதி.

ஆம்ஸ்டர்டாமில் நாலு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் ஊர்வலம் நடந்தது. ஒரு சைக்கிளும் பரிசாகக் கிடைத்தது, இனி இவ்வளவு ஓடவேண்டாமென்று! அம்மாள் 1952-ல் ஹெல்ஸிங்கிக்கும் போனார். உடம்பில் கட்டி கிளம்பியிருந்தது. தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயத்தில் பாதி வழியில் நின்றுவிட்டார்.