பேசத் தெரிந்த பிள்ளைக்கு எழுத வராதது ஏன்?

ஆங்கிலத்தில் நன்றாகப் பேசுகிறான். ஆங்கிலப் படங்களை மொழிபெயர்ப்பு வரிகள் இல்லாமலே பார்த்துப் புரிந்துகொள்கிறான். எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலப் பாடத்திலும் தேறிவிட்டான். ஆனால், பல்கலைக்கழகத்தின் முதல் பருவத்தில் எழுதிக் கொடுத்த இடுபணி திரும்பி வரும்போது பக்கமெல்லாம் சிவப்பு மை. கீழே ஒரே வரி: 'இலக்கணம் சரியில்லை.'

பிள்ளை வாடிப் போகிறான். விரிவுரையாளர் இடைநிலைப் பள்ளியைக் குறை சொல்கிறார். இடைநிலைப் பள்ளி ஆசிரியர் ஆரம்பப் பள்ளியைக் கைகாட்டுகிறார். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை என்றால், பழி கடைசியில் தமிழின் தலையில் வந்து விழுகிறது. 'அதற்குத்தான் அப்போதே சொன்னோம்' என்று உறவினர்கள் தொடங்கிவிடுவார்கள்.

உண்மையில் குறை யாருடையது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், ஆங்கில இலக்கணம் எப்படிக் கற்பிக்கப்பட்டு வந்தது, எப்போது கைவிடப்பட்டது, எப்போது திரும்ப அழைக்கப்பட்டது என்ற வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

மனப்பாடம் ஆண்ட காலம்

1795ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க் நகரில் லிண்ட்லி மர்ரே என்பவர் ஓர் ஆங்கில இலக்கண நூலை வெளியிட்டார். அவர் பள்ளி ஆசிரியர் அல்லர். அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறிய வழக்கறிஞர். அருகிலிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக எழுதிய அந்த நூல், பிறகு இலட்சக்கணக்கில் விற்றது. விதியை மனப்பாடம் செய், வாக்கியத்தைப் பகுத்துக் காட்டு, தவறான வாக்கியத்தைத் திருத்து என்பதே அதன் வழி.

அந்த வழி கப்பலேறி ஆங்கிலேயரின் ஆட்சி பரவிய நாடுகளுக்கெல்லாம் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் நெஸ்ஃபீல்டின் இலக்கண நூல்கள் கோலோச்சின. 1930களில் 'ரென் அண்ட் மார்ட்டின்' வந்தது. அதை எழுதிய இருவரில் ஒருவரான பி.சி. ரென், 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலப் பள்ளிகளில் படித்த பழைய தலைமுறையினர் இன்றும் தங்கள் இலக்கண அறிவைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதற்கு அந்தக் காலத்துப் பயிற்சியே காரணம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்தத் தலைமுறை கணக்கையும் வரலாற்றையும் அறிவியலையும் ஆங்கிலத்திலேயே படித்தது. ஆங்கிலத்திலேயே தேர்வு எழுதியது. இலக்கண நூல் மட்டும் அவர்களை எழுத வைக்கவில்லை. அன்றாடம் எல்லாப் பாடத்திலும் எழுதிய எழுத்தே அவர்களைப் பழக்கியது.

வாசிக்கலாம், எழுத வேண்டியதில்லை

1970இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, தீபகற்ப மலேசியாவின் ஆங்கிலமொழிப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்மொழிக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் அந்த மாற்றம் பல்கலைக்கழகத்தை எட்டியது. தேசிய மொழியில் ஒரு நாட்டைக் கட்டியெழுப்பும் முயற்சி அது. ஆனால் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த புத்தகங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருந்தன.

இந்தச் சிக்கலைத் தீர்க்க மலாயாப் பல்கலைக்கழகம் 1970களில் ஒரு சிறப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மலாயில் பயின்ற மாணவர்கள் ஆங்கிலப் பாடநூல்களை வாசித்துப் பொருள் உணர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதிலிருந்து பிறந்த பாடநூல் வரிசை 'ஸ்கில்ஸ் ஃபோர் லேர்னிங்' என்ற பெயரில் வெளிவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் அதன் மையம் வாசிப்பு. மாணவர் ஆங்கிலத்தில் வாசிப்பார், மலாயில் எழுதுவார். ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் தேவை அப்போது பெரிதாக எழவில்லை.

இலக்கணம் பின்வரிசைக்குப் போனது

அதே காலக்கட்டத்தில் உலக அளவில் ஒரு புதிய அலை எழுந்தது. விதிகளை ஒப்பிப்பதால் யாரும் மொழியைப் பேசிவிட முடியாது. மொழி என்பது தொடர்புக்கான கருவி, அதைப் பயன்படுத்திப் பயன்படுத்தியே கற்க வேண்டும் என்றனர் அறிஞர்கள். இந்த அலையில் ஒரு தென்னிந்தியருக்கும் முக்கிய இடமுண்டு. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் பள்ளி மாணவர்களிடம் ஒரு சோதனை முயற்சியை நடத்தினார். இலக்கணப் பாடமே கிடையாது. இரயில் அட்டவணையைப் பார்த்து விடை சொல்வது, வரைபடத்தில் வழி கண்டுபிடிப்பது போன்ற வேலைகளே பாடம். மனம் பொருளில் இலயித்திருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது அவர் கருத்து. பின்னாளில் அவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார்.

மலேசியாவில் 1983இல் ஆரம்பப் பள்ளிகளுக்கும் 1989இல் இடைநிலைப் பள்ளிகளுக்கும் வந்த புதிய கலைத்திட்டங்கள் இந்தக் காற்றை உள்வாங்கியவையே. கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து ஆகிய திறன்கள் முன்வரிசைக்கு வந்தன. இலக்கணம் தனிப்பாடமாக இல்லாமல் அவற்றுக்குள் கரைக்கப்பட்டது. இதன் பலனை மறுக்க முடியாது. தயக்கமின்றி ஆங்கிலம் பேசும் ஒரு தலைமுறை உருவானது.

பிறகு காற்று மீண்டும் திசை மாறியது. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கழகங்கள் சட்டம், அமைச்சரின் ஒப்புதலோடு ஆங்கிலத்தில் பாடம் நடத்த வழிவிட்டது. 1999 இறுதியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நுழைய விரும்புவோருக்கு மூவெட் தேர்வு வந்தது. சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் இலக்கணத்துக்கு வெளிப்படையான இடத்தைத் திரும்பக் கொடுத்தது. ஆக, ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, பேச்சுக்காகப் பழக்கப்பட்ட பிள்ளைகளே வாசலில் நின்றார்கள். அந்த இடைவெளியை அவர்கள் உண்டாக்கவில்லை. வரலாறு உண்டாக்கியது.

பேச்சு வேறு, கட்டுரை வேறு

சரி, பழைய இலக்கணப் பாடத்தைத் திரும்பக் கொண்டுவந்தால் போதுமா? போதாது. காரணம், கல்விசார் கட்டுரைக்கென்று ஒரு தனி நடை இருக்கிறது.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஜான் ஸ்வேல்ஸ். லிபியாவில் அரபு மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்த அவர், அறிவியல் எழுத்தில் உண்மையில் வரும் வாக்கியங்களை வைத்தே இலக்கணம் சொல்லித் தரும் ஒரு நூலை 1971இல் வெளியிட்டார். 1999இல் டக்ளஸ் பைபரும் உடனாசிரியர்களும் சுமார் 4 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பை ஆராய்ந்து ஒரு பேரிலக்கணத்தைக் கொண்டுவந்தார்கள். அது சொன்ன செய்தி வியப்பானது. கல்விசார் எழுத்தில் வரும் முற்றுவினைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று செயப்பாட்டுவினை. அன்றாட உரையாடலிலோ அது நூற்றுக்கு இரண்டுதான்! உரையாடல் வினைச்சொற்களால் நகர்கிறது. கட்டுரையோ பெயர்ச்சொற்களால் கட்டப்படுகிறது.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். 'தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். மக்கள் பட்டணத்துக்கு வந்தார்கள். வீடு கிடைக்காமல் புறம்போக்கு நிலத்தில் குடியேறினார்கள்.' இது தாத்தா சொல்லும் கதை. 'தோட்டத் துண்டாடல் நகர்ப்புறக் குடிபெயர்வுக்கும், புறம்போக்குக் குடியேற்றங்களின் பெருக்கத்துக்கும் வழிவகுத்தது.' இது பல்கலைக்கழகக் கட்டுரை. செய்தி ஒன்றுதான். முன்னதில் மனிதர்கள் செயல்படுகிறார்கள். பின்னதில் செயல்களே பெயர்களாகி நிற்கின்றன. 'குடியேறினார்கள்' என்ற வினை 'குடியேற்றம்' என்ற பெயராகிவிட்டது.

ஆங்கிலத்திலும் இதே மாற்றம்தான் நிகழ வேண்டும். நடுத்தர நிலையில் இருக்கும் மாணவன் தடுமாறும் இடம் இதுவே. அவன் பேசுவதைப் போலவே எழுதுகிறான். விரிவுரையாளர் அதை 'இலக்கணம் சரியில்லை' என்ற இரண்டு சொல்லில் அடக்கிவிடுகிறார்.

தாய்மொழி தடையா, துணையா?

இங்கேதான் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையின் கையில் இருக்கும் செல்வத்தை யாரும் கவனிப்பதில்லை. வினையைப் பெயராக்குவதற்குத் தமிழ் இலக்கணத்தில் பெயருண்டு: தொழிற்பெயர். செயப்பாட்டுவினையும் ஆரம்பப் பள்ளியிலிருந்து அறிமுகமானதுதான். மலாயில் 'பாங்குன்' என்பதைப் 'பெம்பாங்குனான்' என்றும், 'டிடிக்' என்பதைப் 'பெண்டிடிக்கான்' என்றும் மாற்றி அவன் பல கட்டுரைகள் எழுதியிருக்கிறான். இரண்டு மொழிகளில் செய்து பழகிய வேலையையே மூன்றாவது மொழியில் செய்யச் சொல்கிறார்கள் என்று ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும், பாதி அச்சம் விலகிவிடும்.

எழுவாய்க்கு ஏற்ப வினை மாறுவதும் அப்படித்தான். 'அவன் வந்தான், அவள் வந்தாள்' என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் பிள்ளைக்கு, ஆங்கில வினையின் ஒருமை பன்மை மாற்றம் புதிய கருத்தே அல்ல. மலாய் வினையில் அந்த மாற்றம் இல்லாததால் மறந்து போகிறது, அவ்வளவே.

'எ', 'தி' என்ற இரண்டு சிறு சொற்கள் மட்டும் சற்றுச் சிரமம் தருபவை. தமிழிலும் மலாயிலும் அவற்றுக்கு நேரான இலக்கணம் இல்லை. ஆயினும் பாட்டி சொன்ன கதையை நினைத்துப் பார்க்கலாம். 'ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அந்த ராஜாவுக்கு ஒரு மகள்.' முதலில் வரும்போது 'ஒரு', அடுத்து வரும்போது 'அந்த'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்றாலும், கதவைத் திறந்துவிட இது போதும்.

சிவப்பு மை உதவுமா?

1996இல் ஜான் டிரஸ்காட் என்பவர், மாணவர் கட்டுரையில் இலக்கணப் பிழை திருத்துவதால் பயனில்லை, தீமையும் உண்டு, அதைக் கைவிட வேண்டும் என்று எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். டேனா ஃபெர்ரிஸ் 1999இல் அதற்கு மறுப்பு எழுதினார். விவாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

2008இல் நியூசிலாந்தின் ஜான் பிட்சனர் வெளியிட்ட ஆய்வு ஓரளவு வெளிச்சம் தந்தது. ஆக்லாந்தில் நடுத்தர நிலையின் தொடக்கப் படியில் இருந்த 75 மாணவர்களை அவர் எடுத்துக்கொண்டார். எல்லாப் பிழைகளையும் திருத்தாமல், 'எ', 'தி' ஆகியவற்றின் இரண்டே பயன்பாடுகளை மட்டும் கவனித்தார். முதன்முறை குறிப்பிடும்போது ஒன்று, மறுமுறை குறிப்பிடும்போது மற்றொன்று. ஏறத்தாழ, பாட்டியின் 'ஒரு ராஜா', 'அந்த ராஜா'தான்! திருத்தம் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். இரண்டு மாதம் கழித்தும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது.

பக்கம் முழுவதும் சிவப்பாக்கினால் பிள்ளை எதையும் கற்பதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் எழுதும் பாடத்தின் வாக்கியங்களிலேயே காட்டித் திருத்தினால் கற்றுக்கொள்கிறான். இந்த வாரம் தொழிற்பெயர்; அடுத்த வாரம் செயப்பாட்டுவினை; அதற்கடுத்து, அடித்துச் சொல்லாமல் 'இருக்கக்கூடும்' என்று அளவோடு சொல்லும் முறை. இலக்கணத்தை ஒட்டுமொத்தமாகக் கொட்டியதும் ஒரு காலம். ஒட்டுமொத்தமாக ஒதுக்கியதும் ஒரு காலம். இரண்டுமே எழுத்துக்கு உதவவில்லை என்பதே இந்த வரலாறு தரும் பாடம்.

2021 முதல் மூவெட் தேர்வில் நான்கு திறன்களுக்கும் சமமான மதிப்பு தரப்படுகிறது. அதற்கு முன் வாசிப்புக்கே அதிக எடை இருந்தது. எழுத்தும் மற்றத் திறன்களுக்கு இணையாக மதிக்கப்படும்போது, அதைக் கற்பிக்கும் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

எத்தனையோ பிள்ளைகள் நல்ல கருத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டு, எழுதத் தெரியாத அச்சத்தில் ஒன்றும் அறியாதவர்களைப் போல் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் பாதியிலேயே படிப்பை விட்டும் போகிறார்கள். அடுத்த முறை சிவப்பு மையோடு ஓர் இடுபணி வீட்டுக்கு வந்தால், 'இது கூடத் தெரியாதா?' என்று கேட்காமல், 'இதில் எந்த இரண்டை முதலில் சரிசெய்வோம்?' என்று கேட்கும் பெற்றோரும் ஆசிரியரும்தான் அவர்களுக்கு இன்று தேவை.