பயின்று பெற்ற பொறுமை: ஜேம்ஸ் லாசனின் அறவாழ்வு

தசதர்மங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது உத்தம க்ஷமை. அதனை நாவால் உரைத்தல் எளிது. ஒருவன் நம் முகத்தில் உமிழும்போது காத்தல் அரிது. அவ்வரிய செயலைத் தாமும் செய்து, இளைஞர் பலரையும் செய்யப் பழக்கியவர் அமெரிக்காவின் ஜேம்ஸ் லாசன். மார்ட்டின் லூதர் கிங்கை அறிந்த அளவு நாம் இவரை அறியோம்.

லாசன் 1928இல் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்து ஓஹியோவில் வளர்ந்தார். தந்தையார் மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர். சிறு வயதில், தம் நிறத்தை இழித்துரைத்த வெள்ளைச் சிறுவன் ஒருவனை அறைந்துவிட்டு வீடு திரும்பினார். சமையல் செய்துகொண்டிருந்த தாயார், அந்த அடியால் விளைந்த நன்மை யாது என்று மட்டும் வினவினார். அவ்வினாவே தம் வாழ்வை மாற்றியது என்று லாசன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

கொரியப் போர்க்காலத்தில் படைச்சேவையை மறுத்து 13 மாதங்கள் சிறையிலிருந்தார். பின்னர் 1953இல் நாகபுரிக்கு வந்து ஹிஸ்லாப் கல்லூரியில் பணியேற்றார். காந்தியடிகள் மறைந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. மூன்றாண்டுகள் அங்குத் தங்கிச் சத்தியாகிரக நெறியை ஆழ்ந்து பயின்றார். காந்தியடிகளின் அறச்சிந்தனைக்கு உரமூட்டியவர் சமணச் சான்றோர் ஸ்ரீமத் ராஜசந்திரர் என்பதை நாம் அறிவோம். நம் அறம் எத்துணைத் தொலைவு பயணம் செய்தது என்பது இதனால் புலனாகும்.

1955 டிசம்பரில், மாண்ட்கோமரி நகரக் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்த செய்தியை நாகபுரி நாளிதழில் கண்டு லாசன் மகிழ்ந்தார். தாயகம் திரும்பி 1957இல் கிங்கைச் சந்தித்தார். இருவருக்கும் அப்போது வயது 28. காலம் தாழ்த்தாது தென்மாநிலங்களுக்கு வருமாறு கிங் அழைக்க, லாசன் நாஷ்வில் நகரில் குடியேறினார்.

அங்குள்ள கடைகளில் கறுப்பின மக்கள் பொருள் வாங்கலாம். ஆனால் உணவுமேசையில் அமர்ந்து உண்ணலாகாது. இதனை எதிர்க்க விரும்பிய மாணவர்களை லாசன் உடனே தெருவுக்கு அனுப்பவில்லை. தேவாலயத்தின் நிலவறையில் மாதக்கணக்கில் பயிற்சி அளித்தார். நாற்காலிகளை உணவுமேசைபோல் வரிசையாக இடுவர். சிலர் அமர்ந்திருக்க, சிலர் பகைவராக நடித்து வசைபாடுவர். மயிரைப் பிடித்து இழுப்பர். அமர்ந்தவர் கையோங்காமலும் அஞ்சி ஓடாமலும் இருக்கப் பழகவேண்டும்.

1960 பிப்ரவரி 13இல் அம்மாணவர்கள் கடைகளுட்புகுந்து அமைதியாக அமர்ந்தனர். அடியும் சிறையும் பரிசாகக் கிடைத்தன. அந்நாட்களில் ஒருவன் லாசன் முகத்தில் உமிழ்ந்தான். லாசன் அவனிடமே கைக்குட்டை கேட்டார். திகைத்தவன் எடுத்துக் கொடுத்தான். முகத்தைத் துடைத்து, நன்றியோடு திருப்பித் தந்து, அவனது வண்டியைப் பற்றி உரையாடத் தொடங்கினார் லாசன்.

இப்போராட்டத்திற்காக வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை வெளியேற்றியது. ஏப்ரலில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரின் வீட்டில் வெடிகுண்டு வீசப்பட்டது. அன்றும் ஆயிரக்கணக்கானோர் அமைதியாகவே நகரமன்றம் நோக்கி நடந்தனர். வேற்றுமை பாராட்டுவது தவறென்று மேயர் அவர்கள்முன் ஒப்புக்கொண்டார். மே 10இல் ஆறு கடைகளின் உணவுமேசைகள் அனைவர்க்கும் திறந்தன.

1968இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநிற்கக் கிங்கை அழைத்தவர் லாசனே. ஏப்ரல் 4இல் கிங் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தம் அழைப்பை ஏற்றுவந்த நண்பரை இழந்த வேதனை சிறிதன்று. எனினும், அக்கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ஜேம்ஸ் ஏர்ல் ரேயைச் சிறைக்கே சென்று கண்டார் லாசன். ரே கொலையாளி அல்லர் என்பது அவர் கருத்து. ஆயினும், நாடே வெறுத்த ஒருவரை மனிதராக மதித்து, அவரது திருமணத்தையும் சிறையில் நடத்திவைத்தார் என்பது எண்ணத்தக்கது.

வெளியேற்றிய பல்கலைக்கழகமே பிற்காலத்தில் அவரை ஆசிரியராக அழைத்துப் பெருமை கொண்டது. அவர் மறுக்காது சென்று கற்பித்தார். 2024 ஜூனில், தம் 95ஆம் வயதில் லாசன் மறைந்தார்.

வகுப்பறையில் நான் பொறையுடைமை அதிகாரத்தைப் பலமுறை நடத்தினேன். மாணவர்களை மனப்பாடம் செய்வித்தேன். நாற்காலிகளை வரிசையாக இட்டு அதனைப் பழக்கியதில்லை. லாசனைப் படித்தபோது அக்குறை எனக்குப் புலப்பட்டது. நம் இல்லத்துச் சிறார் அகிம்சையைக் கேட்டே வளர்கின்றனர். பள்ளியிலும் தெருவிலும் இழிசொல் எதிர்ப்படும்போது, அஞ்சாமலும் அடிக்காமலும் நிற்பது எவ்வாறு என்பதை இத்திருநாள் முதல் அவர்களுடன் அமர்ந்து பழகுவோமாக.