ஷோகேஸில் ஏழு தூண்டில் ரீல்கள்

சர்க்கரை, பிரஷர், டெங்குன்னே எழுதிட்டு இருக்கேன். இன்னிக்கு ஒரு நாள் வேற கதை. தூண்டில்ல நூல் சுத்துற ரீலோட வரலாறு. நூலைப் பத்தின கதைங்கறதால இழையும் கொஞ்சம் நீளம்தான். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் வேலை பார்க்கறது நீலகிரியில் ஒரு அரசு மருத்துவமனை. எங்க ஓ.பி.க்கு மாசா மாசம் ஒரு பெரியவர் வருவார். வயசு எண்பதைத் தாண்டியாச்சு. கை நடுக்கம். சும்மா மடியில வச்சிருக்கும்போது கை அசையாது. டம்ளரை எடுத்து வாய்க்குக் கொண்டு போகும்போதுதான் நடுங்கும். இது பார்க்கின்சன் இல்லை, எசென்ஷியல் ட்ரெமர்னு சொல்லுவோம்.

"என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"

"வாட்ச் ரிப்பேர் தம்பி."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரலை.

ஒரு ஞாயித்துக்கிழமை அவர் மனைவிக்கு முடியலைன்னு வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் கண்ணாடி ஷோகேஸ். நம்ம வீடுகள்ல பொம்மையும், பசங்க ஸ்போர்ட்ஸ் டேயில வாங்கின கப்பும் வச்சிருப்போமே, அதே மாதிரி. ஆனா உள்ளே ஏழு பழைய தூண்டில் ரீல் வரிசையா உட்கார்ந்திருக்கு. பித்தளையில ரெண்டு, மரத்துல ஒண்ணு, மீதி அலுமினியம்.

"நல்லா மீன் பிடிப்பீங்க போல?"ன்னு கேட்டேன்.

"நாங்க சைவம் தம்பி"ன்னு சிரிச்சார்.

விஷயம் இதுதான். அவர் அப்பாவுக்கும் பஜார்ல வாட்ச் கடை. எஸ்டேட் துரைமார்கள் ரீல் மக்கர் பண்ணினா அங்கேதான் கொண்டு வருவாங்களாம். ஊரை விட்டுப் போகும்போது கொடுத்துட்டுப் போனது சிலது. ரிப்பேருக்குக் கொடுத்துட்டு வாங்க வராமலே விட்டது சிலது. ரெண்டு தலைமுறையில் சேர்ந்தது இந்த ஏழு.

நீலகிரியில எதுக்கு இத்தனை தூண்டில்னு கேட்பீங்க. ஊர் நினைப்புல வாடின வெள்ளைக்காரங்க இங்கே இருக்கற குளிர்ந்த ஓடைகள்ல ட்ரௌட் மீனை விடணும்னு பல வருஷம் முயற்சி பண்ணினாங்க. 1900-களின் தொடக்கத்தில் எச்.சி. வில்சன் என்பவர்தான் அதைச் சரியா செஞ்சு காட்டினார். அவலாஞ்சியில் ட்ரௌட் குஞ்சு பொரிப்பகம் வந்தது அப்போதான். மீன் வந்தா தூண்டில் வரும், தூண்டில் வந்தா ரீல் வரும், ரீல் வந்தா ஒரு நாள் ரிப்பேரும் வரும்.

ஆனா என் மண்டையைக் குடைஞ்சது வேற கேள்வி. எஸ்டேட் பேக்டரியில ஃபிட்டர் இருப்பார், பஜார்ல சைக்கிள் கடை இருக்கும், கொல்லர் இருப்பார். அத்தனை பேரையும் விட்டுட்டு வாட்ச் கடைக்கு ஏன் வந்தாங்க? அன்னிக்கு நைட் டூட்டியில் கேஸ் கொஞ்சம் கம்மி. தேட ஆரம்பிச்சேன். விடிஞ்சதே தெரியலை.

ரீல் ரொம்பப் பழைய சாமான். சீன ஓவியர் மா யுவான் 1195 வாக்கில் வரைஞ்ச ஒரு படம் இருக்கு. குளிர்கால ஏரியில சின்னப் படகு, அதுல ஒத்தை ஆளா ஒரு தூண்டில்காரர். அவர் கழியில் ரீல் தெளிவாத் தெரியுது. அந்த ஓவியம் இப்போ டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு. இங்கிலாந்துல ரீலைப் பத்தின முதல் எழுத்துக் குறிப்பு 1651-ல் தாமஸ் பார்க்கர் எழுதின புத்தகத்துல வருது.

அப்போ ரீல்ங்கறது பேருக்கு ஒரு நூல் உருளை, அவ்வளவுதான். கைப்பிடியை ஒரு சுத்து சுத்தினா உருளையும் ஒரு சுத்து. கிணத்து ராட்டினம்னு வச்சுக்கோங்க. இதுக்கு வாட்ச்காரர் வேண்டாம், தச்சர் போதும்.

சிக்கல் எங்கே வந்ததுன்னா, வேகம் வேணும்னு கேட்டப்போ. கைப்பிடி ஒரு சுத்து, உருளை நாலு சுத்து. அதுக்கு உள்ளே பெரிய பல்சக்கரம் ஒண்ணும் சின்னப் பல்சக்கரம் ஒண்ணும் ஒண்ணுக்கொண்ணு கடிச்சு ஓடணும். 1770 வாக்கிலேயே லண்டனில் ஒனேசிமஸ் உஸ்டன்சன் என்ற வியாபாரி இந்த மாதிரி ரீலை விளம்பரம் பண்ணியிருக்கார். ஆனா பல்சக்கரம் கொஞ்சம் சுத்தமில்லாம இருந்தாலும் சிக்கிக்கும். பெரிய மீன் இழுத்தா பல் உடையும். அதனால இங்கிலாந்துல இந்த ரீலுக்குப் பெரிய மரியாதை இல்லை.

அமெரிக்காவுல கென்டக்கி மாநிலம். அங்கே பாரிஸ்னு ஒரு சின்ன ஊர். 1800-களின் முதல் இருபது ஆண்டுக்குள்ளே, அந்த ஊர்ல ஜார்ஜ் ஸ்னைடர் என்பவர் இந்தப் பல்சக்கர ரீலை ஒழுங்கா ஓட வச்சார். அவர் தொழில் என்ன தெரியுமா? வெள்ளி வேலை, கடிகார ரிப்பேர்!

அவரோட நின்னிருந்தா அதைத் தற்செயல்னு விட்டிருக்கலாம். அதே மாநிலத்துல ஃபிராங்க்ஃபோர்ட் ஊர்ல ஜொனாதன் மீக், பெஞ்சமின் மீக்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர். அவங்களும் வாட்ச்காரங்க. அவங்க கிட்டே தொழில் கத்துக்க வந்த பெஞ்சமின் மைலம் பின்னாடி தனியா ரீல் செஞ்சு பேர் வாங்கினார். ஒவ்வொரு பல்லையும் அரத்தால ராவி, ஒவ்வொரு திருகையும் அந்தந்தத் துளைக்குன்னே செஞ்ச ரீல்கள். மீக் பெயர் போட்ட சில ரீல்கள்ல வாட்ச்ல பதிக்கிற மாதிரி அச்சு முனைக்குக் கல் வச்சிருப்பாங்க. பழைய ரீல் சேர்க்கறவங்க இன்னிக்கும் கென்டக்கி ரீல்னா தனி மரியாதை கொடுக்கறது இதனாலதான்.

அடுத்து ஸ்வீடன். பெரியவர் ஷோகேஸில் ஆறாவதா இருக்கறது செக்கச்செவேல்னு ஒரு ஆபு அம்பாசிடர். ஆபுன்னா என்னன்னு தேடினேன். ஸ்வாங்ஸ்டா கிராமத்துல 1921-ல் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் தொடங்கின கம்பெனி. முழுப் பெயர் ஏபி ஊர்ஃபப்ரிகென். ஸ்வீடிஷ் மொழியில ஊர்னா கடிகாரம். அதாவது கம்பெனி பெயரே கடிகாரத் தொழிற்சாலை! வாட்ச், டாக்ஸி மீட்டர்னு ஓடிட்டு இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் டாக்ஸி மீட்டர் வியாபாரம் படுத்துடுச்சு. பல்சக்கரம் வெட்டுற மெஷின் இருக்கு, வெட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கு, வேலை மட்டும் இல்லை. கார்லோட மகன் கோட்டே போர்க்ஸ்ட்ரோம் ரீல் பக்கம் திருப்பி விட்டார். அந்தச் சிவப்பு ரீல் 1950-களில் வெளிவந்து உலகம் முழுக்கப் போச்சு.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடற கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவின் டல்சா நகரம். ஜீரோ ஹவர் பாம் கம்பெனி. பெயரைக் கேட்டுப் பயப்படாதீங்க. எண்ணெய்க் கிணத்துக்குள்ளே இறக்கி வெடிக்க வைக்கிற டைம் பாம் செய்யற கம்பெனி. காப்புரிமை முடியப் போகுது, வேற பொருள் தேடிட்டு இருந்தாங்க. அந்த நேரத்துல ஆர்.டி. ஹல்னு ஒருத்தர் புது ரீலுக்கு ஐடியா சொல்லிட்டு வந்து நிக்கிறார். அவர் என்ன தொழில்னு நான் சொல்லவும் வேணுமா? டெக்ஸாஸ்ல வாட்ச் ரிப்பேர்!

அவருக்கு ஐடியா கிடைச்ச இடம் மளிகைக் கடை. பொட்டலம் கட்ட நூலை இழுத்தா, கண்டு சுத்தாம அப்படியே நிக்குது, நூல் மட்டும் நுனி வழியா உருவிட்டு வருது. நம்ம ஊர்லயும் செட்டியார் கடையில மேலே தொங்குமே, அதே நூல்கண்டுதான். நான் சின்ன வயசுல நூறு தடவை பார்த்திருப்பேன், எனக்கு ஒண்ணும் தோணலை. உருளை சுத்தினாத்தான் வீசும்போது நூல் சிக்குப் பிடிக்கும். உருளையை நிறுத்தி வச்சுட்டா அந்தத் தொல்லையே இல்லை. 1949-ல் முதல் ரீல் வெளிவந்தது. கம்பெனி பெயரைச் சுருக்கி செப்கோன்னு வச்சுக்கிட்டாங்க. ஐசனோவர் ஜனாதிபதியா இருந்தப்போ அவருக்குப் போன பார்சல்ல பாம் கம்பெனின்னு எழுதியிருந்ததால பாதுகாவலர்கள் அதைத் தண்ணியில முக்கிட்டாங்க, அதுக்கப்புறம்தான் பெயரை மாத்தினாங்கன்னு ஒரு கதை உண்டு. கதைன்னே வச்சுக்கோங்க.

நியாயமாச் சொன்னா, உருளையை நிறுத்தி வைக்கிற யோசனை ஹல்லுக்கு முன்னாடியே இங்கிலாந்துல வந்தாச்சு. பிராட்ஃபோர்டு நகரத்துல நூற்பாலைத் தொழில்ல இருந்த ஆல்ஃப்ரெட் இல்லிங்வொர்த் 1905-லேயே காப்புரிமை வாங்கிட்டார். ஸ்பிண்டில்ல இருந்து நூல் உருவி வர்றதை தினம் பார்க்கறவருக்கு இது தோணினதுல ஆச்சரியம் இல்லை. கோயம்புத்தூர், திருப்பூர்க்காரங்களுக்கு உடனே புரியும்.

அப்போ பாருங்க, ரீலோட பெரிய திருப்பங்கள்ல பலதும் மீன்காரங்க கிட்டே இருந்து வரலை. வாட்ச்காரர், நூற்பாலைக்காரர், மறுபடியும் வாட்ச்காரர். ஹார்டி ரீல்னு உலகப் புகழ் பெற்ற கம்பெனி கூட 1872-ல் ஆல்ன்விக் ஊர்ல துப்பாக்கி செய்யற கடையாத்தான் தொடங்கினது. துரைமார்கள் ரீலைத் தூக்கிட்டு நம்ம பெரியவரோட அப்பா கடைக்கு வந்தது சரிதான். ரீல் தன் சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் வந்திருக்கு.

இங்கே டாக்டரா ஒரு சின்ன இடைச்செருகல். ரீலுக்கு நாங்களும் தூரத்துச் சொந்தம். நைலான் வர்றதுக்கு முன்னாடி, முள்ளுக்குப் பக்கத்துல கட்டற மெல்லிய இழை பட்டுப்புழுவுல இருந்து வந்தது. கூடு கட்டப் போற புழுவை வினிகர்ல ஊற வச்சு, அதோட பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டுவாங்க. ஸ்பெயின்ல முர்சியா பகுதி இதுக்குப் பேர் போனது. அதே இழையைத்தான் அப்போ சர்ஜன்கள் தோலைத் தைக்கவும் வச்சிருந்தாங்க. 1938-ல் டூபாண்ட் நைலானை அறிவிச்சதும் தூண்டிலும் மாறிச்சு, தையலும் மாறிச்சு. நேத்து கேஷுவாலிட்டியில் ஒருத்தர் நெத்தியில நான் போட்ட தையலும், மீன்பிடி சாமான் கடையில தொங்குற நரம்பும் ஒரே குடும்பம். தூண்டில்காரங்க போடற ஒரு முடிச்சுக்குப் பேரே சர்ஜன் முடிச்சு.

சரி, மறுபடியும் ஷோகேஸுக்கு வருவோம்.

ஏழுல ஒரு பித்தளை ரீல் மட்டும் தங்கம் மாதிரி ஜொலிக்குது. பெரியவர் அதைக் காட்டி முகத்தைச் சுளிச்சார். வருஷா வருஷம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது குத்துவிளக்கோட சேர்த்து அதையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ச்சிருக்காங்க. யார் தப்பும் இல்லை. நம்ம வீட்டுல பித்தளைன்னா பளபளன்னு இருக்கணும், அதுதான் அதுக்கு மரியாதை. ஆனா முப்பது நாப்பது பொங்கல்ல, பக்கத் தகட்டுல அழுத்தி வச்சிருந்த தயாரிப்பாளர் பெயர் மொத்தமா தேய்ஞ்சே போச்சு. அது எந்த ஊர் ரீல்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது.

உங்க தாத்தா வீட்டுப் பரண்ல இந்த மாதிரி எதாவது இருந்தா, தயவு செஞ்சு பாலிஷ் போடாதீங்க. பித்தளைமேல படிஞ்ச அந்தப் பழுப்பு நிறம் அழுக்கு இல்லை. பச்சையா களிம்பு பிடிச்சிருந்தா மட்டும் மெதுவாத் துடைச்சு எடுத்துட்டு, உலர வச்சு, ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும். பழைய பட்டு நூல் சுத்தியிருந்தா கழட்டி எடுத்துடுங்க, அது ஈரத்தை இழுத்து வச்சுக்கும். தோல் பெட்டியோட வந்திருந்தா பெட்டியைப் பக்கத்துல வைங்க, ரீலை உள்ளே வச்சுப் பூட்டாதீங்க. மலை ஊர் மழைக்காலத்துல ஒரே சீசன்ல களிம்பு ஏறிடும்.

கைப்பிடிக் குமிழ் வெள்ளையா இருந்தா இன்னும் கவனம். தந்தமா இருந்தா அதை விக்கறது நம்ம நாட்டுல சட்டப்படி குற்றம். தந்தம் மாதிரியே இருக்கற செல்லுலாய்டாகவும் இருக்கலாம். அதை வெயில் படற இடத்துலயோ காத்து புகாத டப்பாவுலயோ வைக்கக் கூடாது. நாள்பட நாள்பட அதுல இருந்து வர்ற அமில ஆவி பக்கத்துல இருக்கற உலோகத்தையே அரிச்சுடும். இதுக்கு அண்ணன் மாதிரியான ஒரு பொருள்ல செஞ்ச எக்ஸ்ரே ஃபிலிம்தான் 1929 மே 15-ஆம் தேதி அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் தீப்பிடிச்சது. விஷப்புகையில நோயாளிகள், டாக்டர்கள்னு 123 பேர் இறந்தாங்க. ஷோகேஸில் இருக்கற ஒரு குமிழ் வீட்டைக் கொளுத்தாது, பயம் வேண்டாம். காத்தோட்டமா, நிழல்ல வைங்க, போதும்.

போன மாசம் பெரியவரோட மகன் தனியா என்னைப் பார்க்க வந்தார். வீட்டை இடிச்சுக் கட்டப் போறாங்களாம். "இதெல்லாம் காயலான் கடையில எடைக்குப் போட்டுடலாமா டாக்டர்? அப்பாகிட்டே நீங்க சொன்னா கேட்பார்"ன்னார். நான் ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வர்றேன்னு மட்டும் சொன்னேன்.

போனேன். அந்தப் பளபள ரீலைத் திறந்து பார்க்கலாமான்னு பெரியவரைக் கேட்டேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முனை திருகுமேல நிக்கவே இல்லை, கை அப்படி நடுங்குது. என்கிட்டே நீட்டினார். "நீங்க பண்ணுங்க தம்பி. அழுத்தாதீங்க. இடது பக்கம், கால் சுத்து, நிறுத்துங்க"ன்னு அவர் சொல்லச் சொல்ல நான் கழட்டினேன். மகன் பக்கத்துல டார்ச் பிடிச்சுட்டு நின்னார்.

தகடு கையோட வந்தது. பழைய வாட்சைத் திறந்தா மூடியோட உள்பக்கம் ஊசியால கீறின எழுத்து இருக்கும், பார்த்திருக்கீங்களா? ரிப்பேர் பண்ணினவர் தன் அடையாளத்தையும் தேதியையும் போட்டு வைக்கிற வழக்கம். வெளிப்பக்கம் பெயரே இல்லாத அந்தத் தகட்டோட உள்பக்கத்துல, புளி எட்டாத இடத்துல, பொடிப்பொடியா ரெண்டு தமிழ் எழுத்து. கீழே 1938.

மகன் டார்ச்சைக் கிட்டே கொண்டு வந்தார். "இது தாத்தா கையெழுத்தாப்பா?"ன்னு கேட்டார்.

பெரியவர் மத்த ஆறையும் ஒவ்வொண்ணா எடுத்து மேஜைமேல வைக்க ஆரம்பிச்சார்.