மலைக்குப் பின்னால் என்ன இருக்கு?

பரமபதம் ஆட உட்காருபவருக்கு முதல் காயை நகர்த்தும் முன்பே எல்லாம் தெரியும். ஏணி எங்கே, பாம்பு எங்கே, கடைசிக் கட்டம் எங்கே என்பதெல்லாம் கண்ணெதிரே விரிந்து கிடக்கும். தெரியாதது ஒன்றுதான், தாயக்கட்டையில் என்ன விழும் என்பது. பல்லாங்குழியிலும் ஆடு புலி ஆட்டத்திலும் இதே கதை. நாம் உட்கார்ந்து ஆடிய ஆட்டங்களில் பெரும்பாலானவை களத்தை மறைப்பதில்லை. களத்தையே மறைத்து வைத்துவிட்டு, ‘போய்ப் பாரு’ என்று சொன்னது தெருவில் ஆடிய கண்ணாமூச்சிதான். அதற்குப் பிறகு அந்தக் காரியத்தைப் பெரிய அளவில் செய்தவை வீடியோ கேம்கள்.

எனக்குப் பிடித்த கேம் எது என்று யாராவது கேட்டால், 2017 மார்ச்சில் வந்த ‘த லெஜண்ட் ஆஃப் ஸெல்டா: ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ என்பேன். சண்டைக்காகவோ கதைக்காகவோ இல்லை. அதில் சும்மா சுத்திப் பார்க்கலாம், அதுக்காக. ‘சும்மா சுத்துறது’க்குள்ளே ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அது கென்டக்கியின் ஒரு குகையில் தொடங்கி, கிருஷ்ணகிரி மலைகள் வரைக்கும் வருது.

குகை

1970களின் தொடக்கத்தில் வில் க்ரௌதர் அமெரிக்காவின் பிபிஎன் நிறுவனத்தில் புரோகிராமர். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர். வார இறுதி வந்தால் மனைவி பாட்ரிசியாவோடு குகைக்குள் இறங்கிவிடுவார். அளவெடுத்த தகவல்களைக் கணினியில் ஏற்றிக் குகையின் வரைபடத்தை வரைவது இருவருக்கும் பழக்கம். ஃப்ளின்ட் ரிட்ஜ் குகைகளும் மாமத் குகையும் உள்ளுக்குள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை என்று 1972 செப்டம்பரில் ஒரு குழு கண்டுபிடித்தது. அந்தக் குழுவில் பாட்ரிசியா இருந்தார்.

பிறகு இருவரும் பிரிந்தார்கள். மகள்களை அடிக்கடி பார்க்க முடியாத அந்த நாட்களில், அவர்கள் வரும்போது விளையாட என்று க்ரௌதர் ஒரு புரோகிராம் எழுதினார். படம் கிடையாது, வெறும் எழுத்துதான். வடக்கே போ, கீழே இறங்கு, விளக்கை எடு என்று தட்டச்சு செய்தால் அடுத்து நீங்கள் நிற்கும் இடத்தை அது விவரிக்கும். தானும் பாட்ரிசியாவும் தவழ்ந்து அளந்த உண்மையான குகையைத்தான் க்ரௌதர் எழுத்தில் கட்டியிருந்தார். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்க, ‘அட்வென்ச்சர்’ என்ற பெயரில் பல்கலைக்கழகக் கணினிகள் முழுக்க அது பரவியது.

ஆடியவர்கள் பக்கத்தில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டார்கள். கேம் வரைபடம் தராது, நீங்களேதான் வரையணும். ஒரே மாதிரி விவரிக்கப்படும் பாதைகள் வந்தால் கையிலிருக்கும் பொருட்களை ஒவ்வொன்றாகப் போட்டு அடையாளம் வைக்கணும். குகைக்குள் போகிறவர் செய்வதும் இதேதான். ஒரு கேமில் வழி தேடுவது எப்படியிருக்கும் என்பதைப் பலருக்கும் முதலில் காட்டியவர், நிஜமாகவே இருட்டில் வழி தேடிய ஒரு மனிதர். தான் இழந்த ஒரு வாழ்க்கைக்குள் மகள்களைக் கூட்டிப்போக அவருக்கு வேறு வழி இருந்ததாகத் தெரியவில்லை.

அடுத்த பத்தாண்டில் ஜப்பானில் இன்னொரு குகை. கியோட்டோ பக்கம் சோனோபேயில் வளர்ந்த ஷிகெரு மியாமோட்டோ, சிறுவயதில் விளக்கோடு ஒரு குகைக்குள் நுழைந்ததைப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். 1986இல் அவர் வடிவமைத்த முதல் ஸெல்டாவில், தொடங்கும்போதே ஒரு குகை வாசல் திறந்திருக்கும். போகணும்னு யாரும் சொல்லமாட்டாங்க.

மலை

இனி நம்ம பக்கம் வருவோம். 1799 மார்ச்சில் திப்பு சுல்தானை எதிர்த்து ஜெனரல் ஹாரிஸின் படை ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கிப் போனது. அந்தப் போரில் இருந்தவர் வில்லியம் லாம்டன். ஓர் இரவில் படைப்பிரிவு தவறான திசையில் எதிரியை நோக்கியே போய்க்கொண்டிருப்பதை நட்சத்திரங்களைப் பார்த்துச் சொன்னவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. பாராமகால் 1792லேயே கம்பெனி கைக்குப் போயிருந்தது. மேட்டுப் பகுதியான ஓசூர் பக்கமும் 1799இல் போனது.

பிடித்த நிலத்தை அளக்கணும். 1802 ஏப்ரலில் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே ஏறத்தாழ 7.5 மைல் நீளத்துக்கு ஒரு நேர்க்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதற்கப்புறம் தரையை அங்குலம் அங்குலமாக அளக்க வேண்டியதில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களைக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். எனவே வேலை ரொம்ப எளிது மாதிரித் தோன்றும். மலை உச்சிக்கு ஏறு, அடுத்த உச்சியைப் பார், கோணத்தைக் குறி, அங்கே போ. கையிலிருந்த கருவிதான் அரை டன் எடை. மலை இல்லாத சமவெளியில் கோயில் கோபுரங்கள் மேல் ஏறினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி அடிபட்டது. லாம்டன் உட்கார்ந்து அதைத் தானே சரிசெய்தார்.

பெங்களூரிலிருந்து தெற்கே கன்னியாகுமரிவரை போன அந்த முக்கோணச் சங்கிலி, நம்ம மலைகள் இருக்கும் தீர்க்கரேகையை ஒட்டித்தான் இறங்கியது. லாம்டன் 1823இல் வேலையின் நடுவிலேயே இறந்தார். சங்கிலி இமயம்வரை நீண்டது.

முக்கோணம்

2017இல் ஜப்பானில் நடந்த டெவலப்பர்கள் மாநாட்டில் ‘ப்ரெத் ஆஃப் த வைல்ட்’ உருவாக்கியவர்கள் தங்கள் நிலத்தின் ரகசியத்தைச் சொன்னார்கள். அதுவும் முக்கோணம்தான்! நிலம் முழுக்கப் பெரிதும் நடுத்தரமும் சிறிதுமான முக்கோண வடிவங்கள். முக்கோணமாக ஒரு குன்று எதிரே நின்றால், ஆடுபவர் ஒரு முடிவு எடுத்தே ஆகணும். மேலே ஏறுவதா, சுற்றிப் போவதா? எப்படிப் போனாலும் அது மறைத்து வைத்திருந்த ஏதோ ஒன்று மெதுவாக வெளியே தெரியும். அதைப் பார்த்துப் போகும் வழியில் இன்னொரு குன்று. உலகத்தின் அளவை முடிவுசெய்ய இயக்குநர் ஃபுஜிபயாஷி தன் ஊரான கியோட்டோவின் வரைபடத்தை எடுத்துக்கொண்டார். தெரிந்த இடங்களுக்கு நடந்துபோக எவ்வளவு நேரமாகும் என்பது அவர் காலுக்கே தெரியும்.

லாம்டன் முக்கோணம் போட்டது மறைவு என்ற ஒன்றே இல்லாமல் ஆக்க. ஹைரூலின் முக்கோணங்கள் மறைவை உண்டாக்க.

2007இல் வந்த ‘அசாசின்ஸ் க்ரீட்’ தொடங்கி எத்தனையோ கேம்களில் கோபுரம் ஏறுகிறோம். ஏறியதும் வரைபடத்தில் குறிகள் கொட்டும். அப்புறம் மளிகை லிஸ்ட் போல ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகணும். ஹைரூலில் கோபுரம் ஏறினால் மலையும் ஆறும் மட்டுந்தான் வரைபடத்தில் வரும். எது முக்கியம் என்பதைத் தொலைநோக்கியில் பார்த்து நீங்கள்தான் குறிக்கணும். ஆரம்ப மேட்டிலிருந்து இறங்கியதும் நேராகக் கடைசி எதிரியிடமே போகலாம், போய்ச் சாகலாம். கேம் தடுக்காது. 120 சன்னதிகள், 900 கொரோக்குகள் என்று எண்ணிக்கை இருந்தாலும், அது எதையும் கேட்காமல் ஒரு மலையில் மழை நிற்கும்வரை பாறை அடியில் ஒதுங்கி நிற்கலாம். நமக்குத் தெரியாது என்பதை அது குறையாகப் பார்ப்பதில்லை. அதனால்தான் அது தனித்து நிற்கிறது.

ஊர்

நாட்றாம்பாளையம், அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில் இருக்கும் ஊர். வெளியுலகத்துக்கு எங்கள் பகுதி ஒரு எண்ணாகத்தான் தெரியும். பக்கத்து பிலிகுண்டுலுவில் காவிரி தமிழ்நாட்டுக்குள் வரும் அளவை எடுக்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்ன 177.25 டிஎம்சி அங்கேதான் கணக்காகிறது. டிவியில் எங்க பக்கம் வந்தால் ‘இன்றைக்கு இத்தனை கன அடி’ என்றுதான் வரும்.

இந்த மலைகளைத் தேடிப் பார்த்தவர்கள் லாம்டனுக்கு ரொம்ப முன்னாலேயே இருந்தார்கள். அவர்கள் கோணம் எடுக்கவில்லை, பெயர் வைத்தார்கள். ஒகேனக்கல் என்றால் கன்னடத்தில் புகையும் கல். அருவிச்சாரல் எழும்புவதை யாரோ முதல் தடவை தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள். மேகேதாட்டு என்றால் ஆடு தாண்டிய இடம். ஒவ்வொரு பெயரும் ஒருவர் நின்று பார்த்ததன் குறிப்பு.

அளந்த பிறகு நிலம் பட்டாவானது. 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு காடு ‘ரிசர்வ்’ ஆனது. மேய்ச்சலுக்கும் தேனுக்கும் போவது அனுமதி சார்ந்த விஷயமாகிவிட்டது. 2014இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் வந்தது, 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். யானைக்கு இடம் வேணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் வீட்டுத் திண்ணையிலிருந்து தெரியும் மலைக்குப் பின்னால் என்ன இருக்கு என்று இப்போது வளரும் பிள்ளை போய்ப் பார்க்க முடியாது. அதன் பாட்டனுக்கு அந்த வழி தெரியும்.

பெண் பிள்ளைக்கு இன்னும் ஒரு வேலி. தமிழில் எக்ஸ்ப்ளோர் பண்ணுவதற்கு வழக்கத்தில் இருக்கிற சொல் ‘ஊர் சுத்துறது’. அது திட்டு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் பெரியம்மா மகளுக்கு விடுதி, கம்பெனி பஸ், லைன், திரும்ப விடுதி என்பதுதான் நாள். ஷிஃப்ட் முடிந்து போனில் ‘கென்ஷின் இம்பாக்ட்’ ஆடுவாள். 2020இல் வந்தது, இலவசம், ஹைரூலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கேம். “சண்டையெல்லாம் போடுறதில்லைண்ணா. எங்க போற, எப்ப வருவன்னு அதுல யாரும் கேக்கமாட்டாங்க, அதான்” என்றாள்.

கேம் என்பது நிஜத்திலிருந்து தப்பித்து ஓடுவது என்று சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவள் திரையில் தேடுவது மாய உலகத்தை இல்லை. கண்ணுக்குத் தெரிகிற ஒரு மேட்டுக்கு நடந்துபோகும் உரிமையைத்தான். ஒரு காலத்தில் இங்கே ஆடு மேய்த்த எவருக்கும் அது இருந்தது. க்ரௌதர் தன் மகள்களுக்குக் கொடுத்ததும் அதுதான். அது கேமில் இவ்வளவு அழகாக இருக்கிறது என்றால், வெளியே அது எவ்வளவு அரிதாகிவிட்டது என்றும் கேட்கணும்.