கண்ணுக்குள் வாயு இருக்கிறதா? நீரிழிவு உள்ளவர்கள் விமானம் ஏறும் முன் கேட்க வேண்டிய கேள்வி

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகளைப் பார்த்துவரப் போகும் பெற்றோரில் பலர் 'சீனி வருத்தம்' உள்ளவர்கள். சிலருக்கு அது கண்ணையும் பாதித்திருக்கும். "இந்தக் கண்ணோட பிளேனில போகலாமோ?" என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் விடயத்தில் பதில், போகலாம் என்பதே. ஒரு நிலையில் மட்டும் பதில் கண்டிப்பாக 'இல்லை'.

எது தடை?

நீரிழிவினால் விழித்திரையின் நுண்ணிய குருதிக்குழாய்கள் பழுதடைவது மட்டும் பறப்புக்குத் தடையல்ல. லேசர் சிகிச்சை பெற்றவர்களும் பொதுவாகப் பயணிக்கலாம். அண்மையில் கண்ணுக்குள் ஊசி போட்டவர்களும் கற்றராக்ட் சத்திரசிகிச்சை செய்தவர்களும் எப்போது பறக்கலாம் என்பதைத் தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நோய் முற்றிக் கண்ணுக்குள் குருதி தேங்கினாலோ விழித்திரை கழன்றாலோ 'விட்ரெக்டமி' எனப்படும் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. விழித்திரையை அதன் இடத்தில் அழுத்திப் பிடிப்பதற்காகச் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்பப்படும். தடை இவர்களுக்குத்தான்.

பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமான மலையில் இருப்பதைப் போன்றது. அந்த அழுத்தத்தில் வாயு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை விரியக்கூடும். கண் அதற்கேற்ப விரிந்து கொடுக்காது. கண்ணழுத்தம் ஏறி, விழித்திரைக்கான குருதியோட்டம் தடைப்பட்டு, பார்வை நிரந்தரமாகப் பறிபோகலாம். ஒரு மணிநேரப் பறப்பிலும் இதே ஆபத்து உண்டு.

ஆகவே, யாழ்ப்பாணத்திலிருந்து கண் சிகிச்சைக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் திரும்பும் நாளை முன்கூட்டியே நிச்சயிக்காதிருப்பது நல்லது. சல்பர் ஹெக்சாபுளோரைட்டு வாயு கரைய 2 முதல் 3 வாரங்களும், பெர்புளோரோபுரோப்பேன் கரைய 6 முதல் 8 வாரங்களும் ஆகும். முழுவதும் கரைந்துவிட்டதென்று வைத்தியர் சோதித்துச் சொன்ன பிறகே பறக்கலாம். மலைப்பாதைப் பயணத்துக்கும் இது பொருந்தும். நுவரெலியா நகரம் 6,100 அடிக்கு மேல் உள்ளது.

வாயுவுக்குப் பதிலாகச் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால் அது இப்படி விரியாது. எனினும் அதை அகற்றப் பெரும்பாலும் இன்னொரு சத்திரசிகிச்சை வேண்டும். விரைவில் பறக்கவேண்டிய தேவை இருந்தால், சத்திரசிகிச்சைக்கு முன்பே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்சுலின் கைப்பொதியில்

இன்சுலினைப் பெரிய பயணப்பொதியில் வைத்து அனுப்பக்கூடாது. அங்கே அது உறைந்துபோகலாம். பொதியே வேறு ஊருக்குப் போய்விடவும் கூடும். உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. தேவையைப் போல இரு மடங்கு மருந்து, ஊசிகள், சோதனைக் கருவி, வைத்தியரின் ஆங்கிலக் கடிதம் ஆகியவற்றைக் கைப்பொதியில் வைத்திருங்கள். இன்சுலின் பம்ப் பூட்டியிருப்பவர்கள் அதை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடாமல், பாதுகாப்பு அலுவலரிடம் கையால் சோதிக்கும்படி கேட்கலாம்.

மேற்கே பறக்கும்போது நாள் நீளும். கிழக்கே பறக்கும்போது சுருங்கும். இலண்டனுடனான நேர வித்தியாசம் பருவத்தைப் பொறுத்து 4½ அல்லது 5½ மணித்தியாலம். ரொறன்ரோவுடன் 9½ அல்லது 10½. நீண்டநேரம் வேலைசெய்யும் இன்சுலினை எப்போது, எவ்வளவு போடுவதென்று கிளினிக்கில் முன்பே எழுதி வாங்குங்கள். சாப்பாட்டுக்கான இன்சுலினை, சாப்பாட்டுத் தட்டு கைக்கு வந்த பிறகே போடுங்கள். வடக்கிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவிரவாக வானில் வருபவர்களுக்குப் பயணம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. குளுக்கோசும் பிஸ்கட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பார்வை குறைந்தவருக்கு

பேனா ஊசியின் எண்ணை வாசிக்க முடியாதவர், மங்கலான விமான வெளிச்சத்தில் அளவு தவறிப் போட்டுக்கொள்ளலாம். கூட வருபவர் அதைச் சரிபார்க்க வேண்டும். தனியே போகிறவருக்கு, விமான நிறுவனத்திடம் குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் உதவி கேட்டுப் பதியலாம். விமானத்தின் உலர்ந்த காற்றில் கண் எரியும் என்பதால், வைத்தியர் தந்த கண்துளி மருந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பறப்பின்போதோ பின்போ கடும் கண்வலி, திடீர்ப் பார்வைக் குறைவு, திரை விழுந்தது போன்ற இருட்டு, மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள் தோன்றினால் ஊர் திரும்பும்வரை காத்திராமல், போன இடத்திலேயே உடனடியாகக் கண் வைத்தியரிடம் காட்டவேண்டும்.