பஃபலோ முதல் மருங்காபுரி வரை: ‘சூடோ’ வந்த வழி

1980 வாக்கில், அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினித் துறையில் வாக்ஸ்-11/750 என்ற யூனிக்ஸ் கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். யூனிக்ஸில் ‘ரூட்’ கணக்குக்குத் தடையே கிடையாது. எந்தக் கோப்பையும் அழிக்கலாம், எவர் கணக்கையும் மாற்றலாம். அதன் கடவுச்சொல் நாலு பேர் கைக்குப் போனால், எது யார் செய்த வேலை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

இதற்குத் தீர்வாக பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதிய சிறு நிரல்தான் சூடோ. இதில் ரூட் கடவுச்சொல்லை யாருக்கும் தர வேண்டியதில்லை. ஒருவர் தன் பெயரிலேயே இருந்தபடி, அனுமதிக்கப்பட்ட கட்டளையை மட்டும் ரூட் உரிமையுடன் இயக்கலாம். இன்றைய சூடோ, யார் எப்போது எதை இயக்கினார் என்பதையும் பதிவு செய்கிறது.

1985இல் இந்த நிரல் பொதுவில் வெளியானது. அடுத்து கொலராடோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. 1994 முதல் டாட் மில்லர் இதைப் பராமரித்து வருகிறார். யூனிக்ஸைப் போல அமைந்த லினக்ஸ் இயங்குதளங்களிலும் சூடோ பரவியது. அவற்றில் ஒன்றாக 2004இல் வந்த உபுண்டு, ரூட் கணக்கைப் பூட்டிவைத்து எல்லா நிர்வாக வேலைகளையும் சூடோவிடமே ஒப்படைத்தது.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸுடன், டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த மடிக்கணினிகளில் வந்தது. திருச்சி மாவட்டத்து மருங்காபுரி ஒன்றியத்தின் அரசுப் பள்ளி மாணவர்களுக்கும் லினக்ஸ் இப்படித்தான் கைக்கு எட்டியது. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகைக்கான மென்பொருளை நிறுவக்கூட நிர்வாகி உரிமை வேண்டும். பல்கலைக்கழகக் கணினித் துறையின் கேள்வி, இப்படிக் கிராமத்துப் பிள்ளையின் கேள்வியாகவும் ஆனது: இந்த அதிகாரத்தை எப்போது எடுப்பது, எப்போது விடுவது?

காவல் நிரலுக்கும் காவல் தேவைப்பட்டது. 2011 ஜூலையில் சூடோவுக்குள் நுழைந்த ஒரு பிழை, சாதாரணப் பயனரையும் ரூட் ஆக்கிவிடக்கூடியது. குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் 2021 ஜனவரியில்தான் அதை வெளிப்படுத்தினார்கள். உடனே திருத்தமும் வந்தது. இத்தகைய நினைவகப் பிழைகளைத் தடுக்க ரஸ்ட் என்ற நிரல்மொழியில் எழுதிய புதிய சூடோவை, உபுண்டு தன் 2025 அக்டோபர் பதிப்பில் இயல்புத் தேர்வாக்கியது.

லினக்ஸ் பழகும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் கண்ட கட்டளையை சூடோவுடன் அப்படியே ஒட்டாதீர்கள். அது என்ன செய்யும் என்று புரிந்த பிறகே உங்கள் கடவுச்சொல்லைத் தட்டுங்கள். கணினியை நேரத்துக்குப் புதுப்பித்துவிடுங்கள்.